சித்தப்பாவின் ரத்தம்

என் அப்பா குருநாதன் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எடை போட்டுவந்தவர். கார்த்திகையில் மாரடைப்பில் இறந்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவருக்கு மனச்சிதைவு நோய். மனிதர்களை நம்ப மாட்டார். தராசை நம்புவார்.

சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பார். டாக்டர் அதை நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொண்டார். மாத்திரையை அப்பா துப்பிவிடுவதால் அம்மா அதைப் பொடித்துப் புளிக்குழம்பில் கலந்துகொண்டுதான் இருந்தாள்.

நான் பெங்களூரில் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அங்கே ஆராய்கிறார்கள். நோயாளியின் ரத்தத்தை நோயில்லாத உடன்பிறந்தவரின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அப்பாவிடம் கேட்டேன்.

"இது உனக்கு வருமா வராதான்னு தெரியுமா?" என்றார்.

நம் வீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஆயிரம் குடும்பம் சேர்ந்தால் ஏதாவது தெரியலாம் என்றேன். ஊசிக்குப் பயந்தவர் கையை நீட்டினார். நானும் கொடுத்தேன்.

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் சித்தப்பா ஆறுமுகச்சாமி, மறுநாள் ரத்தம் எடுக்கும் முகாமுக்குப் போய்க் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"அவன் குடுக்கலட்டி. ஆள மாத்தி அனுப்பிருக்கான்" என்றார் அப்பா.

மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

அப்பா போன பிறகு முடிவு வந்தது. அவருடைய மாதிரி என்னுடையதோடு பொருந்தியது. சித்தப்பாவுடையது யாரோடும் பொருந்தவில்லை. தாய் மட்டும் ஒன்று என்றாலும் கால் பங்காவது ஒத்திருக்கும். இதில் உறவே இல்லை. ஒப்பிட இணை இல்லாததால் அப்பாவின் மாதிரியையும் நீக்கப் போவதாகச் சொன்னார்கள்.

புளியங்குடிக்குப் போனேன். சித்தப்பா முதலில் சாமி மேல் சத்தியம் செய்தார். அறிக்கையைக் காட்டியதும், லோடு ஏற்றும் ஆள் ஒருவரைத் தன் பெயரில் அனுப்பியதை ஒத்துக்கொண்டார். "காவியாவுக்குச் சிவகிரியில மாப்பிள்ளை பேசுதோம். எங்க ரத்தத்துலயும் இருக்குன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

பெயர் வெளியே போகாது, எண் மட்டும்தான் என்றேன். நம்பவில்லை. அண்ணன் கொடுத்தது குப்பைக்குப் போகும் என்றேன். அடுத்த முகாமுக்கு வந்தார்.

நானும் கூடவே உள்ளே போனேன். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஊசி இறங்குவதைப் பார்த்தேன். குழாயில் எண் ஒட்டும்வரை நகரவில்லை.

சித்தப்பா பஞ்சை அழுத்திக்கொண்டே சிரித்தார். "உங்க அப்பன் பாக்குத மாதிரியே பாக்குத, ஏட்டி."

நர்ஸ் குழாயைப் பெட்டியில் வைத்து மூடினாள். அவள் திரும்பியதும் திறந்து எண்ணைச் சரிபார்த்தேன்.