லேத்ஸ் அணியின் கடைசி ஆணை

செவ்வாய்க்கிழமை காலை, கோட்டூர்புரம் நூலக வாயிலில் பையைப் பாதுகாப்பறையில் ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது தேவியின் செய்தி வந்தது. "அப்பா எட்டு மணிக்குப் போயிட்டாரு சார். குரூப்ல நீங்களே சொல்லிடுங்க." கொடுத்த பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாலம்வரை நடந்தேன். பாலத்திலிருந்து நூலகம்வரை திரும்பி நடந்தேன். மறுபடியும் பாலத்துக்குப் போனேன். நம் குழுவுக்கு இரண்டு வரி எழுத எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டு வரியும் போதாது என்பதால் இதை எழுதுகிறேன். சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றும் இருக்கிறது.

இதை ஏகாம்பரத்தின் உறவினர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் படிப்பார்கள் என்று தேவி சொல்லியிருப்பதால், நம் பத்துப் பேருக்குத் தெரிந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. அதில் நாங்கள் ஆளுக்கொரு பேஸ்பால் அணியை நடத்துகிறோம். ஆட்டக்காரர்கள் யாரும் உண்மையில் இல்லாதவர்கள். தளமே அவர்களுக்கு வயதும் திறமையும் களைப்பும் கொடுத்துப் படைத்திருக்கிறது. யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்தெறியும் பிட்சர் யார் என்று மாலை ஆறு மணிக்குள் நாங்கள் ஆணை கொடுக்க வேண்டும். ஏழு மணிக்குத் தளம் தானாகவே ஆட்டத்தை நடத்தி முடிவைச் சொல்லிவிடும். என் அணியின் பெயர் மயிலை மாடங்கள். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்த ஏகாம்பரத்தின் அணி, ஈக்காட்டுத்தாங்கல் லேத்ஸ். இந்தப் போட்டித் தொடரின் நிர்வாகியும் நான்தான். முப்பத்தொரு விதிகள் எழுதியிருக்கிறேன். அவற்றுள் பதினொன்று ஏகாம்பரத்தால் எழுத நேர்ந்தவை.

முதலாவதாக வந்தது நான்காம் விதி. லேத்ஸ் அணி தொடக்கத்தில் தேவியுடையது. அலுவலக வேலையாக அவர் வெளியூர் போனதும், யாருக்கும் சொல்லாமல் அப்பா அதை நடத்த ஆரம்பித்தார். ஒரு ஆட்டப் பருவம் முழுவதும் தேவி என்று நினைத்து நான் வாதிட்டது ஏகாம்பரத்தோடு. மரியாதையாகவும் பிழையின்றியும் எழுதிவந்த அந்தப் பெண் ஒருநாள், "இன்னா சார், உன் ரூல்ல ஓட்ட கீது" என்று எழுதியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தியாகராய நகரில் ஒரு சிற்றுண்டி விடுதியின் மாடியில் நம் மாதக் கூட்டம் நடந்தபோது அவரை வரவழைத்தோம். சட்டைப் பையில் டெஸ்டரோடு வந்தவர், எங்கள் குழுவில் இருக்கும் வசந்தா மேடம் ஆட்டத்தை விளக்க முயன்றதும் கையமர்த்தினார். "மேட்ச்ச நான் ஒரு தபா கூட பாத்தது இல்ல மேடம். நம்பர் பாத்தேன், போதும். எந்த மெஷினு எப்ப சூடாவும்னு எனுக்குத் தெரியும்." அந்தப் பருவத்தில் லேத்ஸ் இரண்டாம் இடம். 'ஆணையை அணியின் மேலாளர் தானே கொடுக்க வேண்டும். பிறர் அவருக்காகக் கொடுக்கலாகாது' என்று அன்றே எழுதினேன்.

பன்னிரண்டாம் விதியின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். தளம் வைத்திருந்த வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று தம் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அவர் பெயர் மாற்றினார். உயரமான பிட்சர் நெட்டையன். பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாத பிட்சர் லொடுக்கு. அதுவரை சரி. பருவத்தின் நடுவில் ஒரு காலை, எல்லாப் பெயர்களையும் ஒருவருக்கொருவர் மாற்றிவிட்டார். வலக்கையால் எறியும் நெட்டையனை எதிர்பார்த்து இடக்கை மட்டையாளர்களை அடுக்கிய நாங்கள் நான்கு பேர் அடுத்தடுத்துத் தோற்றோம். விளக்கம் கேட்க நேரிலேயே பட்டறைக்குப் போனேன். அவர் அப்போது கடைந்து முடித்த தண்டு ஒன்றை மைக்ரோமீட்டரில் அளந்து, தலைமுடி அளவு பிசகு என்று கழிவுத் தொட்டியில் எறிந்துகொண்டிருந்தார்.

"இங்க இவ்வளவு கண்டிப்பா இருக்கீங்க, அங்க மட்டும் ஏன் சார் இப்படி?" என்றேன்.

"இது இரும்பு சார். தப்பாச்சின்னா எவனோ ஒருத்தன் கை போயிடும். அது பொம்ம ஆட்டம். அதுலகூட நான் அடங்கிக்கினே இருக்கணுமா?" என்றவர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். "நீ வேலி போடு, நான் சந்து பாக்கறேன். ரெண்டு பேருக்கும் வேல இருக்கணும் இல்ல?"

அவரோடு எனக்கு நட்பு என்று சொல்லலாமா என்று இப்போதும் தெரியவில்லை. தொலைபேசியில் நலம் விசாரித்துக்கொண்டதில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. ஆனால் எந்த விதியை எழுதினாலும், 'இதை ஏகாம்பரம் எப்படிப் படிப்பார்?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளாமல் நான் முற்றுப்புள்ளி வைத்ததில்லை.

இந்தப் பருவத்தின் இறுதிக் கட்டத்தில் அவர் அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். பதின்மூன்று நாட்கள் அவரிடமிருந்து ஆணை வரவில்லை. பழைய ஆணையையே தளம் ஓட்டிக்கொண்டிருந்தது. பதினேழாம் விதி உங்களுக்குத் தெரியும்: பதினான்கு நாட்கள் ஆணை வராத அணி, காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை தேவி அழைத்தார்.

"அப்பாவுக்கு ரெண்டு கையும் வீங்கிக் கிடக்கு சார். விரல மடக்க முடியல. அவர் சொல்லச் சொல்ல நான் அமுத்தட்டுமா?"

"நாலாம் விதி இடம் குடுக்காதும்மா."

"அந்த விதி எங்களாலதான் வந்துச்சுன்னு தெரியும் சார். இப்பகூடவா?"

தேவி கேட்டதைக் குழுவில் எழுதினேன். விதிவிலக்குக்கு வாக்கெடுப்பு நடத்தலாம் என்று குழுவில் எழுதிய வசந்தா மேடம், தனியாக என்னை அழைத்து, "ரூல் புக்க மூடி வெச்சிட்டு மொதல்ல போய் அவரப் பாருங்க சார்" என்றார். சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் போனேன்.

கட்டிலில் பாதி சாய்ந்திருந்தார். குரல் மூச்சளவுதான் இருந்தது. "வா சார். டீம புடுங்க வந்தியா?"

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு" என்றேன். வாக்கெடுப்பைப் பற்றிச் சொன்னேன்.

"ஓட்டு கீட்டு வாணாம். உன் ரூல்ல கைன்னு எழுதிக்கீறியா?"

"தானேன்னு எழுதியிருக்கேன்."

"கைன்னு இல்லியே?"

"இல்ல."

"அப்ப மூக்கு என்னுதுதான?" என்றார்.

தேவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். ஏகாம்பரம் தம் கைபேசியைக் கண்ணால் காட்டினார். "நீ புடி."

"நான் நிர்வாகி சார். அதுவுமில்லாம இன்னிக்கு உங்களோட ஆடறது என் அணி."

"தெரியும். செயிச்சவன் ஃபைனலு. இப்ப நீ நிர்வாகியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன் ஸ்டாண்டு. கண்ண மூடிக்கோ."

கண்ணை மூடிக்கொண்டு அவர் முகத்துக்கு முன்னால் கைபேசியைப் பிடித்தேன். மூச்சு வாங்குவதும், திரையில் மூக்கு மோதும் சிறு ஒலியும் கேட்டன. இடையில் ஒருமுறை சிரித்தார். பிறகு அவர் தலை சாய, கைபேசி என் விரல்களிலிருந்து நழுவப் பார்த்தது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

பிட்சரின் இடத்தில் லொடுக்கு என்று இருந்தது. முதல் நாள் மாலைதான் லொடுக்கு முழு ஆட்டத்துக்கும் பந்தெறிந்து களைத்திருந்தான். பட்டியலில் அதற்கு மேல் வரியில், ஐந்து நாள் ஓய்வெடுத்த நெட்டையன் இருந்தான். மூக்கு ஒரு வரி கீழே பட்டுவிட்டது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் கடைசிப் பொத்தானையும் அழுத்திவிட்டார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

ஆறாம் விதி: பிறர் ஆணையை ஏழு மணிக்கு முன் எந்த மேலாளரும் பார்க்கலாகாது, தற்செயலாகப் பார்க்க நேர்ந்தால் அதைப் பற்றி அவரிடம் பேசலாகாது. திரையைக் கைக்குட்டையால் துடைத்து மேசையில் வைத்தேன். தேவி வந்ததும் விடைபெற்றேன். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டேன். ஐந்தரை மணிக்கு மருத்துவமனை வாயில்வரை திரும்பி வந்து, மறுபடி நிறுத்தத்துக்குப் போனேன். ஐந்து ஐம்பதுக்கு மீண்டும் வந்தேன். மாற்றி அழுத்த அவருக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆறு மணி ஆகும்வரை அந்த வாயிலில் நின்றேன், உள்ளே போகவில்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் லொடுக்கு சரிந்தான். ஒன்பதுக்கு இரண்டு என்று மாடங்கள் அணி வென்றது. நீங்கள் எனக்கு வாழ்த்துச் சொன்னீர்கள். நான் நன்றி எழுதினேன். அப்போது நம்மில் ஒருவர், "ஏகாம்பரம் சார் ஏன் லொடுக்க எறக்கினாரு? பாவம், புத்தி தடுமாறிடுச்சு போல" என்று எழுதினார். செவ்வாய்க்கிழமை அஞ்சலிகளுக்கு நடுவிலும் அதே பேச்சு வந்தது. அதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். அவர் புத்தி தடுமாறவில்லை. எந்த மெஷின் எப்போது சூடாகும் என்று கடைசிவரை அவருக்குத் தெரிந்திருந்தது. தவறியது மூக்கு, அதுவும் ஒரே ஒரு வரி. அதைப் பார்த்தவன் நான். சொல்லாமல் இருந்தவனும், அதனால் இறுதிப் போட்டிக்குப் போனவனும் நானே.

அந்த ஆட்டம் செல்லுமா என்பதை வசந்தா மேடத்தின் தலைமையில் மற்ற எட்டுப் பேரும் தீர்மானிக்க வேண்டுகிறேன். எனக்கு வாக்கு வேண்டாம். இறுதிப் போட்டிக்கான ஆணையை நான் இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் முடிவு வரும்வரை கொடுக்கப்போவதில்லை.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை தேவியின் எண்ணிலிருந்து எனக்கு ஏகாம்பரத்தின் குரல்பதிவு ஒன்று வந்தது. "சார், நேத்து நான் அமுத்தறப்ப உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சி. ஏன்னு ஆட்டம் பாத்தப்புறந்தான் புரிஞ்சிச்சி. நீ சொல்லாத இருந்ததுதான் கரெக்ட்டு. சொல்லியிருந்தா, ஆட்டமே செல்லாதுன்னு நானே எழுதிக் குடுத்திருப்பேன்."

எனக்குச் சாதகமான சாட்சியாக இதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் இது பொய். பதினொரு விதிகளை எழுதவைத்தவர் அப்படி எழுதிக் கொடுத்திருக்கவே மாட்டார். நான் சொல்லியிருந்தால், "தேங்ஸ் சார்" என்று நெட்டையனை இறக்கி, என்னை வென்று, ஆறாம் விதி பார்த்தவனைத்தான் கட்டும், பார்க்கப்பட்டவனை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டிருப்பார். விதியை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

மூச்சு விடுவதே வேலையாக இருந்த ஒரு காலையில், நான் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று அவர் ஒருமுறை விதியின் பக்கம் நின்று பேசினார். நிம்மதி வரவில்லை. நாளுக்குப் பல தடவை அதைக் கேட்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து நடக்கிறேன். லேத்ஸ் அணி பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். பதினொரு விதிகளும் நம் எல்லோருக்கும் பொது. அந்தப் பொய்யை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.