வாக்குச் சீட்டில் ஒரு பிள்ளையார் சுழி

இரண்டாயிரமாவது வருடம், நவம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் வீடு வாங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அன்று மதியம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் கண்ணும் கலங்கிவிடும்.

விஷயத்துக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை நான் ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. கொள்கை, கோபம் என்றெல்லாம் பெரிதாக எதுவும் இல்லை. கரூரில் எனக்கு ஓட்டுப் போடும் வயது வந்த கையோடு கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டேன். பிறந்த வீட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். புகுந்த வீட்டுப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. அடுத்த தேர்தல் வருவதற்குள் அமெரிக்கா வந்தாயிற்று. இங்கே கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு வரி உண்டு, ஓட்டு கிடையாது.

என் அப்பாவுக்கு இது பெரிய குறை. கரூரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். தேர்தல் அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்துதான் காபியே குடிப்பார். மை வைத்த விரலைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பார். அந்த வருடக் கோடையில் நானும் என் கணவரும் நியூவார்க்கில் குடியுரிமைப் பிரமாணம் எடுத்தோம். அன்று ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா முதலில் கேட்டது இதைத்தான்.

"ஏங்கண்ணு, அப்ப இனி உனக்கு இங்க ஓட்டு கெடையாதா?"

"இல்லீங்கப்பா."

"சரி, போகட்டும். அங்கயாவது தவறாமப் போட்டுரு சாமி. ரெண்டு எடத்துலயும் இல்லாத ஆளா இருந்துராத."

அந்தக் கடைசி வரி என்னைக் குத்திவிட்டது. மறுநாளே வாக்காளராகப் பதிவு செய்யக் கிளம்பிவிட்டேன். அத்தோடு விட்டேனா? நான் பகுதி நேரமாக வேலை பார்த்த நூலகத்தில் உடன் வேலை செய்த பெண்மணி ஒரு வேட்பாளரின் பெயர் போட்ட அட்டை கொடுத்தார். அதைக் கொண்டுவந்து வீட்டு முன் புல்வெளியில் நட்டேன். புதுக் குடிமகள் இல்லையா, ஆர்வம் தாங்கவில்லை.

நட்டு முடித்து நிமிர்ந்தால், பக்கத்து வீட்டுப் புல்வெளியில் எதிர்க்கட்சி அட்டை, என்னுடையதைப் போல இரண்டு மடங்கு பெரிதாக நிற்கிறது. அந்த வீட்டில் எழுபது வயதுக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். அதுவரை தபால் எடுக்கப் போகும்போது குளிரைப் பற்றியும் மழையைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவோம். அட்டை வந்த பிறகு நான்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். நான் வளர்ந்த தெருவில் வேறு வேறு கட்சிக்காரர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போக மாட்டார்கள். அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது போலிருக்கிறது.

இதற்கிடையில் ஊரில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நவம்பர் நடுவில் முகூர்த்தம். அவசர அவசரமாக டிக்கெட் வாங்கினோம். வாங்கிய பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். நானும் மகளும் சனிக்கிழமை கிளம்புகிறோம், தேர்தல் அதற்கு அடுத்த செவ்வாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடுத்த தடவ போட்டுக்கலாம் விடு. நாலு வருஷம்லாம் பறந்துடும்" என்றார் என் கணவர். அவருக்கு எல்லாமே பறந்துவிடும்.

நூலகத்துப் பெண்மணிதான் வழி சொன்னார். ஊரில் இல்லாதவர்கள் முன்கூட்டியே தபாலில் ஓட்டுப் போடலாமாம். ஆப்சென்ட்டி பாலட் என்று பெயர். அவருடைய அக்கா பல வருடங்களாக ஜெர்மனியில் குடியிருக்கிறாராம். அவருக்கும் தேர்தல்தோறும் சீட்டு அங்கேயே போய்விடுமாம். அமெரிக்காவில் கடைசியாக எந்த முகவரியில் இருந்தாரோ, அந்த ஊர்க் கணக்கில் ஓட்டு சேருமாம். கடல் கடந்து போனவர்களுக்கும் ஓட்டை அனுப்பிவைக்கும் நாடு என்பது எனக்கு அதிசயமாக இருந்தது. உடனே விண்ணப்பித்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் உறை வந்தது.

வந்ததும் போட்டு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் ஓட்டு, நல்ல நாள் பார்க்காமல் போடலாமா? உறையை சாமி அலமாரியில் வைத்தேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, ராகு காலம் முடியட்டும் என்று பன்னிரண்டு மணி வரை காத்திருந்தேன். பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்தேன்.

எந்தச் சின்னமும் இல்லை, வெறும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நிரப்புவதற்கு ஒரு சின்ன வட்டம். பேனாவை எடுத்தேன். எடுத்த கை வழக்கம்போலச் சீட்டின் தலைப்பகுதிக்குப் போனது. அழகாக ஒரு பிள்ளையார் சுழி போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தது. கடிதமானாலும் மளிகைச் சிட்டையானாலும் சுழி போடாமல் நான் எழுத ஆரம்பித்ததே இல்லை. அதன் பிறகு எனக்குப் பிடித்த பெயருக்குப் பக்கத்து வட்டத்தைப் பயபக்தியோடு நிரப்பினேன்.

குக்கர் வாங்கினாலும் சரி, மிக்ஸி வாங்கினாலும் சரி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூட வந்த காகிதத்தைப் படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றும் அப்படித்தான். சீட்டை உறையில் போடப் போகும்போதுதான் குறிப்புகளைப் படித்தேன். சீட்டில் வேறு எந்த அடையாளமும் இருக்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது, அப்படி இருந்தால் ஓட்டு செல்லாமல் போகும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சீட்டின் தலையில் இருந்த சுழியைத் திரும்பிப் பார்த்தேன்.

கணவர் அப்போது டல்லாஸில் ப்ராஜெக்ட் வேலையில் இருந்தார். வெள்ளி இரவுதான் வருவார். அவருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பரீட்ச பேப்பர்னு நெனச்சியா? ரிஜிஸ்டர் நம்பர் எழுதினியா?"

"ஏங்க, நான் அழுதுட்டிருக்கேன், உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

குறிப்பில் இருந்த கவுண்ட்டி, அதாவது மாவட்டத் தேர்தல் அலுவலக எண்ணைக் கூப்பிட்டேன். கெட்டுப்போன சீட்டை நேரில் கொண்டுவந்து கொடுத்தால் வேறு சீட்டு தருவோம், நான்கரைக்கு மூடிவிடுவோம் என்றார்கள். அலுவலகம் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்தது. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் போனால் அரை மணி நேரம்தான். ஆனால் நான் ரூட் ஒன்னில் கார் ஓட்டியதே கிடையாது. ஒரே ஒரு முறை கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முயற்சி செய்து, ஒரு லாரி உறுமிக்கொண்டு தாண்டியதில் கதிகலங்கி, அதோடு கும்பிடு போட்டவள். நூலகம், பள்ளிக்கூடம், இந்தியன் ஸ்டோர், அவ்வளவுதான் என் எல்லை. சிநேகிதிகள் எல்லாரும் அலுவலகத்தில் இருந்தார்கள். கூப்பிட்ட இடமெல்லாம் ஆன்ஸரிங் மெஷின்தான் பேசியது.

உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். தைரியமாக ஓட்டிப் பார்த்துவிடலாமா என்று காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் உதிர்ந்த இலைகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார். ஊரில் எல்லாரும் சௌக்கியம்தானே என்று கேட்டார். நான் ஊருக்குப் போவது அவருக்குத் தெரியும். அந்த அக்கறையான குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகு, ஐயோ, யாரிடம் போய்ச் சொல்கிறோம் என்று உறைத்தது. எனக்கு ஒரு ஓட்டுப் போனால் அவர் கட்சிக்கு லாபம்.

அது என்ன அடையாளம் என்று கேட்டார். எந்த வேலையையும் தடங்கலில்லாமல் நடத்திவைக்கும் சாமிக்குப் போடுவது என்றேன். அந்தச் சுழியே தடங்கலான லட்சணத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. காட்டலாம் என்று சீட்டை வெளியே எடுத்தேன். அவர் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம், உள்ளே வையுங்கள். உங்கள் ஓட்டை நான் பார்க்கக் கூடாது" என்றார்.

இலை வாரும் கோலைக் கேரேஜ் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான், ஆள் நழுவிவிட்டார் என்று நினைத்தேன். கோட்டு மாட்டிக்கொண்டு, கார் சாவியோடு திரும்பி வந்தார். அடையாளம் கேட்பார்கள், லைசென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை டிராஃபிக் மோசமாக இருக்கும் என்றார். மகள் பள்ளியிலிருந்து வந்தால் தன் சிநேகிதி வீட்டுக்குப் போகும்படி ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டினேன். நம்ப மாட்டீர்கள், அதிலும் சுழி போட்டேன்.

காரில் கொஞ்ச தூரம் போனதும் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் யாருக்குப் போடப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டுவிட்டேன்.

"தினமும் ஜன்னலைத் திறந்தால் அந்தப் பெயர்தானே தெரிகிறது" என்றார். அப்புறம் ஏன் எனக்கு உதவி செய்கிறீர்கள் என்றேன். ஒரு சிக்னல் தாண்டிய பிறகு பேசினார்.

இருபத்திரண்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போயிருந்தாராம். அதுதான் அவருக்கும் முதல் தேர்தல். வாக்குச் சீட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டு, தபால் வரும் போதெல்லாம் கூடாரத்திலிருந்து ஓடிப்போய்ப் பார்ப்பாராம். சீட்டு வந்து சேர்ந்தபோது இங்கே தேர்தல் முடிந்து, முடிவே வந்துவிட்டதாம். உடன் இருந்தவர்கள் கேலி செய்தார்களாம். ஆனாலும் அதை நிரப்பி, சட்டைப் பையில் ரொம்ப நாள் வைத்திருந்தாராம்.

"உங்கள் ஆள் தோற்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் அந்தச் சின்ன வளைவால் தோற்கக் கூடாது" என்றார்.

இத்தனை நாள் இந்த மனிதரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறோமே என்று மனசு குறுகிப் போனது.

அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. என்னைப் போலக் கடைசி நேரத்தில் ஓடிவந்தவர்கள். அவர் பொறுமையாகச் சுவரோரம் நின்றுகொண்டார். கவுண்ட்டரில் இருந்த பெண் என் பழைய சீட்டை வாங்கி, செல்லாது என்று முத்திரை குத்தினார். குத்துவதற்கு முன் சுழியைப் பார்த்து, இது என்ன, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வேறு சொன்னார். புதுச் சீட்டு கொடுத்து ஒரு தடுப்புக்குப் பின்னால் அனுப்பினார்.

பேனாவை எடுத்தேன். சொன்னால் வெட்கம், கை மறுபடியும் சீட்டின் தலைக்கே போனது. நடுவழியில் பிடித்து நிறுத்தி, என் இடது உள்ளங்கையில் சுழியைப் போட்டுக்கொண்டேன். பிறகு வட்டத்தை நிரப்பினேன். மடித்து, உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு "ஆல் செட்" என்றார். மை இல்லை, ஆரவாரம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் வெளியே வரும்போது எனக்குத் தலை நிமிர்ந்திருந்தது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கக் கூப்பிட்டேன். இருட்டுவதற்குள் இலையை வாரிவிட வேண்டும் என்று போய்விட்டார். மறுநாள் நாங்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது தன் கட்சி அட்டைக்குப் பக்கத்தில் நின்று கையசைத்தார்.

கரூரில் வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பா என் விரலைத்தான் பிடித்துப் பார்த்தார்.

"என்ன கண்ணு, மையக் காணம்?"

அங்கே மை வைக்க மாட்டார்கள் என்று சொல்லி, நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அவரு வேற கட்சியா? தெரிஞ்சேவா கூட்டிட்டுப் போனாரு?"

"தெரிஞ்சேதானுங்கப்பா."

அந்த வருடம் அமெரிக்காவில் முடிவு வராமல் வாரக்கணக்கில் இழுத்தது நினைவிருக்கும். கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், "உங்க ஊருல இன்னுமா எண்ணறாங்க? நம்ம ஆளுங்களக் கூட்டிட்டுப் போறதுதானே" என்று வாரினார்கள். எனக்கோ ஒவ்வொரு நாளும் பேப்பரைப் பார்க்கும்போது, அந்தக் குவியலில் என்னுடையதும் ஒன்று என்ற எண்ணம்தான். கடைசியில் எங்கள் இருவரில் ஒருவருக்கு ஏமாற்றம். யாருக்கு என்று சொல்ல மாட்டேன். என் ஓட்டை யாரும் பார்க்கக் கூடாது என்று அவர்தானே சொல்லிக் கொடுத்தார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா கல்யாணத் தாம்பூலப் பை ஒன்றை என் பெட்டியில் வைத்தார். மஞ்சள் துணியில் மணமக்கள் பெயர் அச்சடித்த பை. தேங்காயை எடுத்துவிட்டு லட்டும் முறுக்கும் போட்டிருந்தார். "அந்த மனுசனுக்குக் குடுத்துரு. நான் குடுத்ததாச் சொல்லு" என்றார். சொந்தக்காரர்களில் சிலருக்கே அவர் கையால் அந்த மரியாதை கிடைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முறுக்கை ரசித்துச் சாப்பிட்டார். பையில் ரொம்ப காலம் தபால் எடுத்துப் போனார்.

இப்போது அவர் இல்லை. அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் நான் உள்ளங்கையில் சுழி போட்டுக்கொண்டுதான் சீட்டைத் தொடுகிறேன். போடும்போது பிள்ளையாரோடு சேர்த்து அவரையும் நினைத்துக்கொள்வேன். குடியுரிமைச் சான்றிதழை எனக்கு நியூவார்க்கில் கொடுத்தார்கள். ஆனால் எனக்கு எதிராக ஓட்டுப் போடப் போகிறவரின் கார் முன் சீட்டில் உட்கார்ந்து ரூட் ஒன்னில் போன அந்த மதியம்தான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன்.