பேச்சியம்மாள் நனைந்த மழை

பேச்சியம்மாள் எங்கள் அடுப்படிப் படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. காலனியிலிருந்து நடந்து வந்து, சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைந்து, பாத்திரம் துலக்கித் துணி துவைத்துவிட்டு அதே சந்து வழியாகப் போய்விடுவார். இரக்கமுள்ள குடும்பம் என்று இராஜபாளையத்தில் எங்களுக்குப் பெயர். தீபாவளிக்கு அவருக்குச் சேலை எடுத்துக் கொடுப்போம்; அதையும் படிக்கு வெளியே வைத்துத்தான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஐப்பசியில் ஒரு பிற்பகல், மலைப்பக்கமிருந்து மழை இறங்கிக் கொட்டியது. கொல்லையில் ஒதுங்க இடமில்லை.

"செத்த நேரம் உள்ள நின்னுக்கிடட்டா தாயி?" என்று பேச்சியம்மாள் கேட்டார்.

அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்பாவின் அக்காவான அத்தை அடுப்படியிலிருந்தே, "அங்கனயே நில்லு, இப்ப விட்டுரும்" என்றாள். அம்மாவின் கை இறங்கிவிட்டது. மழை விடவில்லை. இடி இடித்தபோதெல்லாம் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் எங்கள் முன்வாசலில் செருப்போடு ஏறி நின்றாள். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய மகள்.

"எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"பின்னால வா" என்றாள் அத்தை.

"இங்கனயே நிக்கேன். வரச் சொல்லுங்க."

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் நகரவில்லை. ஈரக்கையோடு சந்து வழியாக ஓடி வந்த பேச்சியம்மாள், "ஏட்டி, ஐயா முன்னால இப்படியா நிக்கது? போ" என்று அதட்டினார்.

"போதும்மா. ராத்திரி பூரா ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுச்சு. இனி இந்த வீட்டுக்கு வராத."

பேச்சியம்மாள் மகளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கொல்லைக்குத் திரும்பினார். அத்தையின் முகத்தில் சிரிப்பு வந்தது. மீதிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தவர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்து போனார். அத்தையின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

சில நாட்கள் கழித்து, கொல்லையில் தனியாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "பேச்சி எப்பம்மா வருவா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைகளும் அவரை 'வா, போ' என்றுதான் சொல்வோம்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"வருவாகன்னு சொல்லு."

அம்மாவும் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை. திட்டு எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நான் அழுதேன்.