நாலு விரல் காலடி

எங்கள் லயத்து வீட்டுக் குசினியை இடிக்கச் சொல்லி ரப்பர் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்த அன்று எனக்கிருந்த கோபத்துக்கு அடுப்பில்லாமலே சோறு வெந்திருக்கும். புதுக் கட்டடங்களுக்குத் தடை வந்த பிறகு கட்டியதாம். இரண்டு வாரத்தில் நாங்களே அகற்ற வேண்டுமாம். அப்பா அதைக் கட்டியது தடைக்கு மூன்று வருடம் முன்பு. அதைச் சொல்ல இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

அந்த வீட்டில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் இருக்கிறோம். அண்ணன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"விடு தங்கச்சி. தொரமார்கிட்ட மோதி என்னத்தக் காணப்போறோம்? பின்னால ரெண்டு தகரத்தப் போட்டு சமைச்சுக்குவோம்."

"எதுக்கு விடணும்? ஒங்களுக்கு வேணும்னா விடுங்க, நான் விடமாட்டேன்," என்றேன். விடாமல் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நான் கஹவத்தையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். மறுநாள் பஸ்ஸில் நசுங்கியபடி ஃபோன் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவில் ஒரு பாறைப் பலகை. அது சேறாக இருந்த காலத்தில் பல்லி மாதிரி ஏதோ அதன்மேல் நடந்து போயிருக்கிறது. எலும்பு கிடையாது, பல் கிடையாது, காலடி மட்டும். அந்தச் சேற்றில் விழுந்த மழைத்துளிகளின் குழிகூட அப்படியே இருக்கிறதாம். விரல் நுனிகளில் நகம் கீறிய தடம் இருந்தது. தவளைக் கூட்டத்துக்கு அந்த மாதிரி நகம் இல்லை, ஆகவே இது ஊர்வனவற்றின் கூட்டம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். படித்தவர்கள் எல்லாரும் நம்பியிருந்த காலத்துக்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே அவை தரையில் நடந்துவிட்டன. ஒரு கீறல், அத்தனை பேரின் கணக்கும் பிழை. எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போய்ப் பின்கதவடியில் குந்தினேன். அங்கே சிமெந்துத் தரையில் இரண்டு காலடிகள் உண்டு. தண்ணீர் தேங்குகிறது என்று அண்ணி எப்போதும் முணுமுணுக்கும் பள்ளங்கள். ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும் எங்கள் பெண்கள் முன்வாசலால் நுழையமாட்டார்கள். அந்தப் பால்வாடையோடு சாமிப் படத்தைத் தாண்டக் கூடாது. பீலித் தண்ணீரில் கால் கழுவிப் பின்கதவால்தான் வருவார்கள். அப்பா சிமெந்து போட்ட அன்று முன்வாசலால் வரச்சொல்லிக் காலையிலேயே சொல்லியிருந்தார். அம்மாவும் தலையாட்டிவிட்டுத்தான் போனார். ஆனால் மாலையில் கால் அதன் வழக்கப்படி பின்கதவுக்கு வந்துவிட்டது.

இடது கால் ஆழமாகப் பதிந்திருந்தது, குதிகால் இன்னும் ஆழம். தலையில் விறகுக் கட்டு இருந்திருக்கிறது. வலது காலில் முன்பாதி மட்டும்தான். அதற்குள் ஈரம் தெரிந்து பின்வாங்கிவிட்டார். இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை கிளாக்கரோடு பார்க்க வந்தபோது அந்த இடத்தை உரசிக் கழுவி வைத்திருந்தேன். அண்ணன் கைகட்டி நின்றார். நான் காட்டினேன்.

கிளாக்கர் சலித்துக்கொண்டார். "கால் அடையாளத்த வச்சு எப்புடிம்மா முடிவு பண்றது? யாரு காலா வேணும்னாலும் இருக்கலாம்."

"ஒங்க டிஸ்பென்சரிப் பொஸ்தகத்தப் பாருங்க. எங்கம்மாவுக்கு மம்பட்டி பட்டு சுண்டுவெரலு போச்சுன்னு ஒங்க ஆளுதான் எழுதியிருக்காரு. இந்தாங்க மரணச் சர்டிபிகேட். தடைக்கு ஒரு வருஷம் முந்தியே செத்துட்டாங்க. செத்தவங்க எந்திரிச்சு வந்து ஈர சிமெந்துல மிதிச்சாங்களா?"

அதையே சின்னத்துரைக்குச் சிங்களத்திலும் சொன்னேன், குரலைக் குறைக்காமல். அவர் சர்டிபிகேட்டை இரண்டு தரம் வாசித்தார். டிஸ்பென்சரிக்கு ஃபோன் எடுத்துப் பழைய புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து, விரல் போனது எழுதியிருக்கிறது என்று பதில் வந்ததும் குசினியைத் தொட வேண்டாம் என்றார். அண்ணன் அப்போதுதான் கையை இறக்கினார்.

ஃபைலில் வைக்கக் காலடியை அளந்து எழுதும்படி சின்னத்துரை சொன்னார். கிளாக்கர் முழங்காலிட்டு, டேப்பை என் அம்மாவின் குதிகாலில் வைத்துப் பிடித்தார். இருபது வருடத்துக்கு மேல் வெறுங்காலோடு அந்த ரப்பர் மலையில் ஏறி இறங்கிய கால் அது. ஒரு செருப்புக்காகக்கூட அதை யாரும் குனிந்து அளந்ததில்லை. எனக்கு அவர் முன்னால் அழ மனமில்லை.

நீளத்தை எழுதிவிட்டு அவர் பேனாவை மூடப் போனார்.

"வெரலு நாலுன்னும் எழுதுங்க," என்றேன். எழுதும்வரை கதவடியை விட்டு நகரவில்லை.