உயிர்காக்கும் படகும் நான் சொல்லாமல் விட்டதும்

எட்டு வருடமாக இதை எழுத நினைத்து எழுதாமல் விட்டேன். ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் கொப்பியை எடுத்து வைப்பேன்; விரதம் முடிந்ததும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு எழுத்து வராது என்பது நான் சொன்ன சாட்டு. உண்மையில் எனக்கு வெட்கம்.

டென்மார்க்கில் நான் இருக்கிற ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து மேற்கே காரில் போனால் முக்கால் மணிநேரத்தில் கடல். ஆடி அமாவாசைக்கு அப்பாவை நினைத்து முழுகுவதற்கு அங்கேதான் போவேன். அப்படிப் போன ஒரு வருடம், மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம் திறந்திருந்தது. உள்ளே ஒரு வெள்ளைப் படகு. அந்தக் காலத்தில் கரையில் தட்டிய கப்பல்களில் இருந்து ஆட்களை மீட்கப் போன படகு. குதிரைகளைப் பூட்டி மணலில் இழுத்துக்கொண்டு போவார்களாம். அதைப் பராமரித்த டெனிஷ் முதியவர்கள் நாலைந்து பேர், பழைய பெயின்ரைச் சுரண்ட ஆள் இல்லை என்றார்கள். அடுத்த சனிக்கிழமையே போய்விட்டேன்.

அந்தப் படகை நான் கையால் படித்தேன். முதலில் மீனவர்கள் தங்கள் சாதாரணப் படகிலேதான் மீட்கப் போனார்களாம். ஒரு பெரிய அலை நிரப்பினால் போனவர்களும் சேர்ந்து செத்தார்கள். பிறகு யாரோ படகின் வெளிப்பக்கம் சுற்றிவரத் தக்கையைக் கட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஓரங்களில், இருக்கைகளுக்குக் கீழே, காற்று அடைத்த பெட்டிகளை வைத்தார்கள். இனி தண்ணீர் நிரம்பினாலும் தாழாது. ஆனால் நிரம்பிய படகைத் துடுப்பால் வலிக்க முடியாதே. அதனால் தளத்தைக் கடல் மட்டத்துக்கு மேலே உயர்த்தி, அதில் குழாய்களை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி போட்டார்கள். மூடி கீழ்ப்பக்கம் மட்டும்தான் திறக்கும். உள்ளே விழுந்த தண்ணீர் தானாகப் போகும், கடல் மேலே வராது. எத்தனை வீட்டில் அழுத பிறகு இந்த மூடி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தேவாரம் முணுமுணுத்தபடி, ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணெய் பூசுவேன்.

முதியவர்களின் கதை எனக்குச் சரியாக விளங்காததால் ஒருநாள் என் சகலனைக் கூட்டிப்போனேன். மனுசியின் தங்கச்சியின் கணவர். பத்து வயதில் இங்கே வந்தவர், கொம்யூனில், அதாவது நகரசபையில், அலுவலகவேலை, டெனிஷ் தண்ணீர்பட்ட பாடு. பத்து நிமிடம் பேசினார், எல்லாரும் சிரித்தார்கள், கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு வருடமாக என்னோடு ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை. ஒரு மாதத்துக்குள் வருகிறவர்களுக்குப் படகைக் காட்டுகிற வேலையும் முதியவர்களின் படகுச் சங்கத்து நீலச் சட்டையும் அவருக்குப் போயின. நான் சுரண்டுகிறவனாகவே இருந்தேன். காரில் போகும்போது நான் விளக்கியதை அவர் டெனிஷில் தன்னுடையதாகச் சொன்னார். மூடி திறக்கிற மாதிரி நான் கையைக் கவிழ்த்துக் காட்டுவேன்; அதையும் எடுத்துக்கொண்டார். அதுதான் என்னைச் சுட்டது.

மனுசிக்கு விளங்கிவிட்டது. “உங்களுக்கு எரியுது” என்றாள்.

“எனக்கென்ன எரிச்சல்? படகு என்ன என்ர சீதனமோ?”

“அப்ப ஏன் அரை மணித்தியாலமா அந்தப் புட்டைப் பிசையிறியள்? சாப்பிடுங்கோ.”

அந்தக் கோடையில் சகலன் கோயில் குடும்பங்களைக் கூட்டிவந்து, படகை, நிலத்துக்குள் புகுந்த கடலான ஃபியோர்டின் அமைதியான தண்ணீரில் இறக்க ஏற்பாடு செய்தார். இறக்க முதல் நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். கலியாணவீட்டில் போல எல்லாரும் படகுக்கு அறுகரிசி போட்டார்கள். நடுக் குழாய்க்குள் அரிசியும் அறுகம்புல்லும் கைப்பிடிக் கணக்கில் போவதை நான் பின்பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த மூடி இனி மூடாது என்று எனக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. சனத்துக்கு முன்னால் அவருடைய வாய் ஒருதரம் அடைபடட்டும் என்று நினைத்தேன். காற்றுப் பெட்டி இருக்கிறது, படகு தாழாது, முருகன் பார்த்துக்கொள்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு துடுப்பை எடுத்தேன்.

முதியவர்கள் சொன்னதைவிட ஆட்கள் கூட ஏறியிருந்தார்கள். படகு பதிந்து போனது. சகலன் நடுவில் நின்று, ஒரு சொட்டுக் கடல்தண்ணீரும் மேலே வராது என்று கையைக் கவிழ்த்துக் காட்டினார். அவருடைய காலடியிலேயே தண்ணீர் குமிழியிட்டு வந்தது.

“தம்பி, படகுக்குத் தமிழ் விளங்கேல்லைப் போல” என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நெஞ்சுக்குள் தேன் மாதிரி இருந்தது.

பிறகு தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது. பயந்து எழும்பின பெண்கள் ஒரு பக்கமாக ஒதுங்க, படகு சரிந்தது. சகலனின் ஆறு வயது மகள் வழுக்கி விளிம்புக்கு மேலால் பாதி போய்விட்டாள். தாய் மிதவைச் சட்டையின் பட்டியில் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் எனக்கு அறிவு வந்தது. ஒருவரும் எழும்ப வேண்டாம் என்று கத்திக்கொண்டு குழாய்க்குள் கையை விட்டு, ஊறிய அரிசியையும் புல்லையும் தோண்டி எறிந்தேன். மூடி மேலெழும்பி அடைத்துக்கொண்டது, தண்ணீர் ஏறுவது நின்றது. எல்லாரையும் இரண்டு பக்கமும் சமமாக இருத்திக் கரைக்கு வலித்து வந்தோம்.

கரையில் சகலன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நீலச் சட்டையைக் கழற்றி எனக்குத் தந்தார். கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். கதை பக்கத்து நகரமான ஹேர்னிங்குக்குப் போனபோது நான் கடலில் குதித்துப் பிள்ளையைத் தூக்கியவனாகிவிட்டேன். நான் மறுக்கவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் எனக்கு வேண்டியிருந்தது. கிடைத்ததும் அணிந்துகொண்டேன்.

போன சஷ்டியில் சட்டையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்குப் பிள்ளை படகிலை இருந்தவள்.”

“ஓம்.”

“அது தெரிஞ்சுதான் பேசாமல் இருந்தனீங்கள்.”

“ஓம், தம்பி.”

“இனி ஆரும் அந்தக் கதையைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

“நான் சொல்ல மாட்டன். நீங்கள் சொல்லுங்கோ” என்றார். குரலை உயர்த்தவேயில்லை. அந்த நிதானத்தைப் பார்த்தும் எனக்கு எரிந்தது, அதையும் இங்கே மறைக்கவில்லை. சட்டையை அவர் தொடவில்லை, கதிரையிலே வைத்துவிட்டு வந்தேன். இன்னும் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஆகவே வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை வேறு ஆட்களுக்குச் சொன்னால் உள்ளபடி சொல்லுங்கள். அறுகரிசியில் பழியைப் போட வேண்டாம், நான் கவனிக்கவில்லை என்று இரக்கப்பட்டு மாற்றவும் வேண்டாம். கண்டேன், தெரிந்தது, பொறாமையால் வாயைத் திறக்கவில்லை. இதில் ஒரு சொல்லைக்கூட எனக்காகத் திருத்தாதீர்கள்.