தறிக்குழியில் காய்ந்த ஸ்டீரியோ

சிவப்பிரகாசத்தின் கடையில் ஒரு தடவை நாற்பது நாள் பாட்டுச் சத்தமே கேட்கவில்லை. காருக்கு ஸ்டீரியோ மாட்டுகிற, ரிப்பேர் பார்க்கிற கடை அது. ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் போகிற வழியில் ஒரு மாடி வீட்டின் கீழே இருந்தது. மாடியில் குடியிருந்த கன்னியம்மாளின் மருமகளுக்கு எட்டாம் மாசத்திலேயே பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிடி அளவாக வீட்டுக்கு வந்திருந்தது. அந்த நாற்பது நாளும் அவர் காதில் ஒரு சின்ன இயர்போனைச் செருகிக்கொண்டுதான் ஒவ்வொரு செட்டையும் சோதித்தார்.

"இன்னா சார், பாட்டு போட்டு காட்ட மாட்டீங்களா?" என்று கேட்டவர்களிடம், "டெஸ்டிங் ஸ்பீக்கர் எரிஞ்சி போச்சிங்க, வீட்டுக்குப் போயி கேட்டுக்குங்க" என்றார். ஸ்பீக்கர் எரியவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து நாற்பது நாள் கழிந்த மறுநாள் காலையில் அதே ஸ்பீக்கரில் முருகன் பாட்டு கேட்டபோதுதான் கன்னியம்மாளுக்கே விஷயம் விளங்கியது. அவள் பக்கத்துத் தெரு தேவகியிடம் சொன்னாள். அவரிடம் போய் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

தேவகி பட்டு நெய்கிறவள். கார்த்திகை மாச மழையில் அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்த மனிதர்தான்.

கஷ்டம் அவளுடைய அண்ணன் திருமலையின் காரால் வந்தது. அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரித்ததில் அண்ணனுக்கும் தங்கைக்கும் மனஸ்தாபம் ஆகி, இரண்டு வருஷம் பேச்சில்லாமல் இருந்தார்கள். ஆடி மாசம் படவேட்டம்மன் கோயிலில் எதிர் எதிராக வந்துவிட்டார்கள். அம்மன் சந்நிதியில் முகத்தைத் திருப்பிக்கொள்ள இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. திருமலைக்கு வேலை சென்னையில். கார் மட்டும் ஆரணி வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் நின்றது. அன்றைக்கு அவன் சாவியை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தான்.

"வாரத்துக்கு ஒரு தபா ஸ்டார்ட் பண்ணி வை, போதும். எங்கயும் எடுத்துகினு போவாத."

அந்தச் சாவியை தேவகி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். வெறும் சாவியாக அவள் அதை நினைக்கவில்லை.

நாலு மாசம் சொன்னபடிதான் நடந்தது. பிறகு வந்தவாசியில் அவள் புருஷன் தனசேகரனின் அக்காள் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கொட்டுகிற மழையில் பஸ் ஓடவில்லை. தனசேகரன் காரை எடுத்தான். தேவகியும் கூடத்தான் போனாள். திரும்பி வருகையில் ஒரு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதி டயர் முழுகும் ஆழம். கடந்து வந்துவிட்டார்கள். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் ஸ்டீரியோ அணைந்துபோனது. தட்டிப் பார்த்தும் உயிர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று திருமலை அன்று இரவே போன் செய்தான்.

தனசேகரன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி அந்த செட்டைக் கழற்றினான். ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. தேவகிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மழைக்காலத்தில், கால் விட்டு உட்கார்ந்து நெய்கிற தறிக்குழியில் ஈரம் ஏறும். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டும். அதற்காகக் குழிக்குள் நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு எரிய விடுவார்கள். பட்டு நூலையே காய வைக்கிற சூடு இதைக் காய வைக்காதா என்று, செட்டைக் குழியில் பல்புக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் எடுத்துப் பார்த்தபோது காய்ந்துதான் இருந்தது. முகப்பில் சத்தம் கூட்டுகிற பட்டன் மட்டும் வெல்லப்பாகு மாதிரி இளகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகியிருந்தது. பக்கத்துப் பட்டனும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். தனசேகரன் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

கடை வாசலில் ஏற்கெனவே மூன்று கார்கள் நின்றன. சிவப்பிரகாசம் பிளாஸ்டிக் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். தேசூர்க்காரர். வந்தவாசியில் ஒரு ரேடியோ கடையில் வேலை பழகி, இருபத்திரண்டு வயசில் ஆரணிக்கு வந்தவர். பெண்சாதி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் சசிகலா ஓசூரில் இருந்தாள். ஈயம் பற்றவைக்கிற புகை முப்பத்தைந்து வருஷமாக நெஞ்சில் இறங்கியிருந்தது. டாக்டர் இந்த வேலை வேண்டாம் என்றார், மகள் வேண்டாம் என்றாள். அவரும் "வேணாந்தான்" என்று சொல்லிவிட்டு மறுநாள் கடையைத் திறப்பார்.

"இந்த வாரத்துல இது பதினோராவது வண்டிமா" என்றார். "ஊர்ல இருக்கிற ஸ்டீரியோ எல்லாம் ஒரே நாள்ல குளிச்சிகினு வந்துகுது."

"வெள்ளிக்கிழம எங்க அண்ணன் வருதுண்ணா. அதுக்குள்ள பாடணும். இல்லனா..." சுற்றிய துணியோடு செட்டை அவரிடம் நீட்டினாள். நடந்ததை மட்டும் சொன்னாள். பல்பு விஷயத்தைச் சொல்லவில்லை.

அவர் செட்டைத் திறந்து, உள்ளே இருந்த பலகையை ஸ்பிரிட்டில் நனைத்த பல்விளக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தார். ஊதி உலர்த்தி, மேஜையில் இருந்த பேட்டரியில் மாட்டினார். விளக்கு எரிந்தது.

"செட்டு செத்துப் போவல. கோளாறு வண்டியில."

காரில் ப்யூஸ் போயிருந்தது. புதிதாக ஒன்று போட்டார். சாவியைத் திருப்பியதும் அதுவும் போனது. எழுந்திருக்க ஒரு நிமிஷம், நடக்க ஒரு நிமிஷம் என்று போய், முன் சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்தார். அந்த வயசில் அப்படிப் படுப்பதைப் பார்க்க தேவகிக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்டீரியோவுக்குப் பின்னால் மாட்டுகிற ஒயர் சாக்கெட்டை இழுத்து வெளிச்சத்தில் காட்டினார். பித்தளைக் கம்பிகளுக்கு நடுவே பச்சையாகக் களிம்பு மூடியிருந்தது.

"இது ரெண்டு நாள் களிம்பு இல்ல தனசேகர்."

அதைச் சுரண்டித் துடைத்தபின் மூன்றாவது ப்யூஸ் போகாமல் நின்றது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கையில் ஈரம்.

"காலையில தூறல்தானே போட்டுது? அதுக்குள்ள இங்க எப்பிடி தண்ணி? தேவகி, ஒரு சொம்பு தண்ணி கொண்டாமா. முன்கண்ணாடி அடியில ஊத்து. மெதுவா."

அவள் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "ம். என் மூஞ்சி மேலயே சொட்டுது, போதும்" என்றார்.

முன்பக்க மூடியைத் திறந்து, கண்ணாடிக்கு அடியில் மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையில் விரலை விட்டார். கறுப்பாக மக்கிய வேப்பிலை கை நிறைய வந்தது. இன்னொரு பிடி. அடியில் வேப்பங்கொட்டை கூட முளைவிட்டிருந்தது.

"தண்ணி போற வழி அடச்சிகினு, உள்ளாற இறங்கி இருக்குது. ஆறு மாசமாச்சும் சொட்டிகினு இருந்திருக்கும். பாலத்துத் தண்ணி டயரத் தாண்டலயே? அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க மேல தப்பு இல்லமா."

தேவகி படவேட்டம்மனை நினைத்துக் கையெடுத்தாள். தனசேகரனுக்கோ இரண்டு நாளாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்துவிட்டது. ஒரு கேரி பேக்கை எடுத்து அந்த இலைகளை அள்ளிப் போட்டு முடிந்து, கடை ஆணியில் மாட்டினான்.

"வரட்டும் உங்கண்ணன். மரத்தடியில வண்டிய போட்டுட்டு நம்மள திருட்டு முழி முழிக்க வச்சான். இத அவன் கையில குடுக்கறேன். மரியாதையா வாங்கிகினு போவட்டும்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தேவகி.

சிவப்பிரகாசம் செட்டை மாட்டும்போதுதான் முகப்பைச் சரியாகப் பார்த்தார். சாய்ந்த பட்டனைத் தடவினார்.

"இது மழ பண்ணது இல்ல. இன்னாமா இது?"

அவள் சொன்னாள். தறிக்குழி, பல்பு, பாவு. அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாவு காய்ச்சற மாதிரியா? நல்ல வேள, பாவுக்குப் போடற மாதிரி கஞ்சி போடல நீ."

இரண்டு அட்டைப்பெட்டி பழைய முகப்புகளைக் கொட்டித் தேடினார். இந்த மாடலுக்குச் சேரவில்லை. ஒட்டியிருந்த பட்டன்களைக் கத்தி முனையால் பிரித்துக் கொடுத்தார். பட்டன் வேலை செய்தது. கோணல் மட்டும் போகவில்லை. சத்தம் கூட்டப் போகிற எவனும் முதலில் தொடுகிற இடம் அது.

"அண்ணா, மச்சான் உங்கள கேட்டா தண்ணியில அப்பிடி ஆயிடுச்சினு ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றான் தனசேகரன்.

"தண்ணியில பிளாஸ்டிக் இளகாது தனசேகர். சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தேவகி காரில் கதவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். களைப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை வரை இதைச் சுமந்துகொண்டு தறியில் உட்கார்ந்தால் இழை இழையாக அறுந்துதான் போகும் என்று தோன்றியது. போனை எடுத்தாள்.

"அண்ணா, நான்தான். வண்டிய எடுத்துகினு வந்தவாசி போனோம். நாத்தனாருக்குக் கால் ஒடஞ்சிட்டுது. நீ வேணாம்னு சொன்ன, தெரியும். ஸ்டீரியோவுல தண்ணி பூந்துகுச்சி. இப்ப பாடுது. ஆனா நான் பல்புல காய வச்சி ஒரு பட்டன உருக்கிட்டேன். என் தப்புதான்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"சாவி எங்க இருக்குது?" என்றான் திருமலை.

"எங்கிட்டதான்."

"வச்சிகினு இரு." பிறகு, போனை வைக்கப் போனவன் மறுபடியும் கேட்டான்: "கால் எப்பிடி இருக்குதாம் அந்தம்மாவுக்கு?"

அவள் இலையைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருக்கலாம். உண்மைதானே. ஆனால் அண்ணன் கால் எப்படி என்று கேட்ட பிறகு அவளுக்கு அதை எடுக்க வாய் வரவில்லை.

கிளம்பும்போது தனசேகரன் ஆணியைப் பார்த்தான். கேரி பேக் இல்லை. மேஜைக்குக் கீழே தேடினான். ஸ்டூலுக்குப் பின்னால் தேடினான். சிவப்பிரகாசம் அடுத்த காரின் ப்யூஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

அந்த மார்கழியிலேயே சசிகலா வந்து அப்பாவை ஓசூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். தேவகி பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போனபோது கடை பூட்டியிருந்தது. சித்திரையில் அவர் இறந்துபோன செய்தி கன்னியம்மாள் மூலமாக வந்தது. அதனால் அந்தப் புதன்கிழமைதான் அவரை அவள் கடைசியாகப் பார்த்தது.

அன்றைக்குத் தனசேகரன் தேடிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பிப் பார்க்காமல், ப்யூஸ் பெட்டிக்குள் குனிந்தபடியே சொன்னார்:

"அந்த எலைய குப்பத்தொட்டியில போட்டுட்டேன் தேவகி. இனிமே வண்டிய மரத்துக்கு அந்தாண்ட நிறுத்துங்க."