ஜீப்புக்கு அடியில் நான்கு பாதங்கள்

அத்தையைப் பெண் பார்க்க அவலூர்பேட்டையிலிருந்து மூன்றே பேர்தான் வந்தார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அவர்கள் வந்த ஜீப்பைப் பார்க்கத்தான் தெருவே கூடியது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு வந்தார். செஞ்சியில் எங்கள் தெரு மலையடிவாரத்தை நோக்கி ஏறும் சரிவு. வண்டி பின்னால் உருண்டுவிடாமல் இருக்க, கைப்பிரேக்கைப் பலமாக இழுத்துவிட்டு அவர் இறங்கியதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அத்தை நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. நைனாவைவிட உயரம். எங்கள் கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினைக் கைப்பிடி சுற்றிக் கிளப்புவது அவள்தான். வந்தவர்கள் பாடச் சொன்னார்கள். பாட வராது என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போயி சொல்லியனுப்பறோம்" என்று எழுந்துகொண்டார். அந்த வார்த்தையை எங்கள் வீடு முன்பும் கேட்டிருந்தது. அம்மா வைத்த பலகாரம் அப்படியே இருந்தது. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்க மாட்டாராம்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். எஞ்சின் உறுமியது, வண்டி அசையவில்லை. கைப்பிரேக்கின் பிடி உள்ளே போய்விட்டது, பிரேக் மட்டும் விடவில்லை.

"வர்ற வழியில ஓடைத் தண்ணியில எறங்கனேன். அடியில கம்பி துருவுல புடிச்சிக்குது" என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக்கைத் தேடிப் போன ஆள், அவர் வல்லத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரும்பினான். நைனா வானத்தைப் பார்த்தார். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேராவிட்டால் அந்த அம்மாள் விடியும்வரை பட்டினி. வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினி போட்ட பேர் எங்களுக்கு.

மாப்பிள்ளை சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ஒரு கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போனார். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம். பிறகு குரல் வந்தது: "ஒருத்தர் கம்பிய இழுத்துப் புடிக்கணும், ஒருத்தர் ஆணியத் தட்டணும். ஒரு ஆளால ஆவாதுங்க."

நைனா குனிந்து பார்த்தார். அவருடைய தொப்பை அதற்கு மேல் இடம் தரவில்லை. அவர் நிமிர்வதற்குள் அத்தை உள்ளேயிருந்து மண்ணெண்ணெய்ப் புட்டியோடு வந்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகினாள். மறுபக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அய்யய்யோ, பொண்ணு வண்டிக்கடியில பூந்துக்குதே!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. ஜீப்பின் இந்தப் பக்கம் இரண்டு பாதங்கள், அந்தப் பக்கம் மருதாணி வைத்த இரண்டு பாதங்கள்.

நான் மண்ணில் முழங்காலை ஊன்றிக் குனிந்தேன். உள்ளே ஒரு தனி உலகம் இருந்தது. கறுத்த குழாய்கள், தடித்த இரும்புத் தண்டு, அதன் தலைமாட்டில் சட்டி போன்ற ஒரு உருளை. அதை இறுகக் கவ்வியிருப்பதுதான் பிரேக் என்று அவர்கள் பேச்சிலிருந்து புரிந்தது. அத்தனை பெரிய வண்டியையும் அந்தச் சின்னச் சட்டிதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அத்தை துருவின்மேல் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெயை விட்டாள்.

"கொஞ்சம் ஊறட்டும். உடனே தட்டனா ஒடஞ்சிரும்."

"எஞ்சின் ஓட்டுவீங்களாமே?"

"நம்ம எஞ்சினு எங்கியும் போவாது. நின்ன எடத்துலயே ஓடும்."

அவர் சிரித்தார். பிறகு கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். "வெரலு பத்திரம்." அத்தை சுத்தியலால் தட்டினாள். துரு அவள் முகத்தில் உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். ஆணி கழன்று விழுந்தது. பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்த இரும்புக் கை 'டக்'கென்று பின்னால் போனது. அவ்வளவு நேரம் மலைபோல் நின்றதை அத்தை ஒரே விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இன்னாம்மா, விட்டுச்சா?" என்று நைனா வெளியிலிருந்து கேட்டார்.

"இன்னும் இல்லண்ணா" என்றாள் அத்தை.

"ஆமாங்க, நேரமாவும் போல" என்றார் மாப்பிள்ளை.

நான் வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வெயில் மலையுச்சிக்கு ஏறியது. மாப்பிள்ளையின் அப்பா, திண்ணையில் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "எழுந்து வா, பொழுது போறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்புடு" என்றார். அந்த அம்மாள் எழுந்து, கொஞ்சநேரம் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் போய்க் கை கழுவினார். அம்மா ஓடிப்போய் இலை போட்டாள். அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கியதாக அம்மா பிற்பாடு பலரிடம் சொன்னாள்.

அவர் சாப்பிட்டு எழுந்ததும் பிரேக் சரியாகிவிட்டது. இருவரும் முகமெல்லாம் மசியோடு வெளியே வந்தார்கள். தை பிறந்ததும் மாப்பிள்ளை எனக்கு மாமாவானார்.

ஜீப் வந்துபோன அன்று இரவு படுத்தபடி யோசித்துப் பார்த்தேன். அத்தை பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்படியென்றால் பிரேக் விட்டது எனக்குத் தெரிந்ததுபோல் அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. இவ்வளவு கெட்டிக்காரர்கள் இரண்டு பேரும் இத்தனை கிட்டத்தில் படுத்திருந்தும் எப்படித்தான் கவனிக்காமல் விட்டார்களோ என்று அவர்களுக்காக மிகவும் வருத்தப்பட்டேன்.